பலத்த மழை, பலத்த காற்று: ஆங்கிலப் பெயரடைகளின் நுட்பம் பிடிபட ஒரு வழிகாட்டி

செய்தித்தாளில் ஒரே நாளில் வரக்கூடிய ஐந்து தொடர்களை எடுத்துக்கொள்வோம். பலத்த மழை. பலத்த காற்று. பலத்த பாதுகாப்பு. பலத்த காயம். பலத்த கைதட்டல். தமிழில் ஐந்துக்கும் ஒரே 'பலத்த' போதும். ஆங்கிலத்துக்குப் போனால் ஐந்தும் ஆளுக்கொரு திசையில் பிரிந்துவிடுகின்றன. மழை 'ஹெவி'. காற்று 'ஸ்ட்ராங்'. பாதுகாப்பு 'டைட்'. காயம் 'சீரியஸ்'. கைதட்டல் 'லௌட்'. 'ஸ்ட்ராங் ரெயின்' என்று எழுதினால் இலக்கணப்படி தவறு கிடையாது, அர்த்தமும் புரிந்துவிடும். ஆனாலும் ஆங்கிலத்திலேயே வளர்ந்தவர் காதில் அது உறுத்தும். நம்மிடம் ஒருவர் வந்து 'நேற்று கெட்டியான மழை பெய்தது' என்று சொன்னால் எப்படி இருக்குமோ, அப்படி.

மாலை வேளைகளில் சிலருக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் பள்ளியில் பன்னிரண்டு வருஷம் ஆங்கிலம் படித்தவர்கள். காலங்கள், செய்வினை, செயப்பாட்டுவினை எல்லாம் தெரியும். அவர்கள் தடுமாறுவது பெயரடையில்தான், அதாவது பள்ளியில் 'அட்ஜெக்டிவ்' என்று படித்தோமே, அதில். 'பிக்' என்றால் பெரிய, 'லார்ஜ்' என்றால் பெரிய, 'கிரேட்' என்றாலும் பெரிய என்று மனப்பாடம் செய்தவருக்கு மூன்றும் ஒரே சொல்லின் மூன்று வேஷங்களாகத்தான் தெரியும். எதை எங்கே போடுவது என்று வரும்போது கை தானாக நின்றுவிடும்.

இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. கொஞ்சம் பொறுமை வேண்டும், ஒரு நோட்டு வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் நோட்டை மாற்றுங்கள்

வழக்கமாக நாம் வைத்திருக்கும் சொல் நோட்டில் நடுவே ஒரு கோடு இருக்கும். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ். அந்தக் கோட்டை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு பெயரடையையும் அது ஒட்டிக்கொள்ளும் பெயர்ச்சொல்லோடு சேர்த்தே எழுதுங்கள். 'ஹெவி = கனமான' என்று எழுதாமல் 'ஹெவி ரெயின், ஹெவி டிராஃபிக், ஹெவி மீல், ஹெவி ஸ்மோக்கர்' என்று நான்கு ஜோடிகளாக எழுதுங்கள். கடைசி ஜோடிக்குத் தமிழில் 'ஓயாமல் சிகரெட் பிடிக்கிறவர்' என்று அர்த்தம். எடைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை, ஆள் ஒல்லிக்குச்சியாகக்கூட இருக்கலாம்.

தனக்கு எந்தப் பெயரடை வேண்டும் என்பதைப் பெயர்ச்சொல்தான் முடிவு செய்கிறது. இந்த ஒன்றை மனதில் போட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். இது ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய விசித்திரம் என்று நினைக்க வேண்டாம். நம்முடைய 'நல்ல' என்ற சொல்லைப் பாருங்கள். நல்ல தூக்கம் ஆங்கிலத்தில் 'சவுண்ட் ஸ்லீப்'. நல்ல வெயில் என்று நாம் சலித்துக்கொள்வது 'பிளேசிங் சன்'. 'கால்ல நல்ல அடி' என்றால் 'பேட் இஞ்சுரி', அதாவது 'நல்ல' என்பது நேர் எதிர்ச் சொல்லாகவே மாறிவிடுகிறது. நல்ல பாம்பு வெறும் 'கோப்ரா', அங்கே 'நல்ல' காணாமலே போகிறது. தமிழ் கற்க வரும் வெளிநாட்டுக்காரர் 'நல்ல = குட்' என்று எழுதி வைத்தால் அவர் பாடு என்ன ஆகும்? நாம் ஆங்கிலத்தில் படும் பாடும் அதுவேதான்.

டீக்கடை உதாரணம் ஒன்று. நம் ஊரில் 'ஸ்ட்ராங்கா ஒண்ணு, லைட்டா ஒண்ணு' என்று கேட்கிறோம். ஆங்கிலத்திலும் 'ஸ்ட்ராங் டீ' உண்டு. அதற்கு எதிர்ப்பதம் 'வீக் டீ'. அதே சமயம் 'ஸ்ட்ராங்' என்பதும் 'பவர்ஃபுல்' என்பதும் வலிமையைத்தானே சொல்கின்றன என்று 'பவர்ஃபுல் டீ' கேட்டால் எதிரே இருப்பவர் விழிப்பார். 'பவர்ஃபுல்' எஞ்சினுக்கு, அரசியல்வாதிக்கு, உருக்கமான பேச்சுக்கு. டீக்கு இல்லை.

எதை அளக்கிறது என்று கேளுங்கள்

ஒரே மாதிரி இருக்கும் இரண்டு சொற்களில் ஒன்று ஓர் அளவையும் மற்றது வேறோர் அளவையும் குறிக்கலாம். இதைக் கண்டுபிடித்துவிட்டால் பிறகு மறக்கவே மறக்காது.

'உயரமான' என்பதற்கு 'டால்', 'ஹை' என்று இரண்டு உண்டு. ஆள், மரம், கோபுரம், கட்டடம் என்று அகலத்தைவிட உயரம் தூக்கலாக இருந்து தரையிலிருந்து மேலே நீண்டு நிற்பவை 'டால்'. மலை, மதில், கூரை போன்றவை 'ஹை'. 'ஹை' என்பதற்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. ஒரு பொருள் தரையிலிருந்து எவ்வளவு மேலே இருக்கிறது என்பதையும் அது சொல்லும். 'டால் ஷெல்ஃப்' என்றால் நெடுநெடுவென்று நிற்கும் அலமாரி. 'ஹை ஷெல்ஃப்' என்றால் கைக்கு எட்டாத இடத்தில் அடித்த பலகை, அது ஒரு சாண் அகலம் இருந்தாலும் சரி.

'ஃபாஸ்ட்' வேகத்தை அளக்கிறது, 'குயிக்' நேரத்தை. வைகை எக்ஸ்பிரஸ் 'ஃபாஸ்ட் டிரெயின்'. ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்று ரெண்டு சொம்பு ஊற்றிக்கொண்டு ஓடுவது 'குயிக் பாத்'. மாற்றம் மளமளவென்று நடந்தால் 'ரேபிட்': 'ரேபிட் குரோத்' என்பது போல. உடம்பு முடியாமல் இருப்பவருக்கு அட்டையில் எழுதுவது 'ஸ்பீடி ரெகவரி'. அந்த இடத்தில் 'ஃபாஸ்ட் ரெகவரி' என்று போட்டால் பெரிய தவறு ஒன்றுமில்லை, ஆனால் வாழ்த்து மாதிரி தொனிக்காது.

'லார்ஜ்' அளவுக்கும் எண்ணிக்கைக்கும்: 'லார்ஜ் நம்பர்', 'லார்ஜ் அமௌன்ட்'. 'கிரேட்' கண்ணுக்குத் தெரியாதவற்றுக்கு: 'கிரேட் கேர்', 'கிரேட் டிஃபிகல்ட்டி', 'கிரேட் பிளெஷர்'. 'பிக்' பேச்சு வழக்குக்கு நெருக்கமானது: 'பிக் மிஸ்டேக்', 'பிக் டிசிஷன்', 'பிக் பிரதர்'. தவறு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது 'லார்ஜ் மிஸ்டேக்' ஆகாது. 'ஸ்மால்', 'லிட்டில்' இரண்டில் முன்னது வெறும் அளவு. பின்னதில் மனசும் கலந்திருக்கிறது. 'ஸ்மால் ஹவுஸ்' என்று வீட்டுத் தரகர் சொல்வார், 'எ நைஸ் லிட்டில் ஹவுஸ்' என்று அதில் வாழ்கிறவர் சொல்வார்.

வலிக்கு எத்தனை சொற்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போகிறேன். பெயரடையைச் சரியாகப் போடுவது வெறும் அழகு விஷயம் இல்லை என்று எனக்கு உறைத்தது ஒரு நர்ஸ் பெண்ணுக்குப் பாடம் நடத்தும்போதுதான்.

தேனிப் பக்கத்துப் பெண். நர்சிங் முடித்து, இங்கிலாந்து வேலைக்காக ஓஇடி என்ற, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அந்தத் தேர்வின் பேச்சுப் பகுதியில் நர்ஸாக நடித்துப் பேச வேண்டும். நான் நோயாளி, அவள் நர்ஸ். நான் தலைவலி என்றாலும், வயிற்றுவலி என்றாலும், இடுப்பு இழுக்கிறது என்றாலும் அவள் 'சிவியர் பெயின்' என்றே குறித்துக்கொண்டாள்.

"அக்கா, வலி ஜாஸ்தின்னா சிவியர்தானே?"

"எவ்வளவு வலின்னு சொல்லிட்ட. எப்படிப்பட்ட வலின்னு சொல்லலையே. உங்க பாட்டி எப்படிச் சொல்வாங்க?"

யோசிக்கவே இல்லை. குத்துது, குடையுது, எரியுது, கடுக்குது, சுள்ளுனு இழுக்குது, விண்ணு விண்ணுனு தெறிக்குது, சுருட்டிப் பிடிக்குது என்று மூச்சு விடாமல் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல நான் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆங்கிலப் பெயரடையை எழுதினேன். நாடித்துடிப்போடு சேர்ந்து விண் விண்ணென்று தெறிப்பது 'த்ராபிங்'. ஓரிடத்தில் கிளம்பி இன்னோர் இடத்துக்குச் சுரீரென்று பாய்வது 'ஷூட்டிங்', சயாட்டிகாவில் இடுப்பிலிருந்து காலுக்கு இறங்குமே, அந்த வலி. கத்தியை வைத்துக் குத்தியதுபோல் இருந்தால் 'ஸ்டாபிங்'. உள்ளேயிருந்து எலி கறம்புவது போல் இருந்தால் 'நாயிங்', வயிற்றுப்புண் உள்ளவர்கள் சொல்வது. எரிந்தால் 'பர்னிங்'. சுருட்டிப் பிடித்தால் 'கிராம்பிங்'. பெரிதாகக் கத்த வைக்காமல் மந்தமாக இருந்துகொண்டே இருந்தால் 'டல்'.

1975-ல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் மெல்சாக் வலியை அளக்க ஒரு கேள்விப்பட்டியலை வெளியிட்டார். நோயாளிகள் வலியைச் சொல்லப் பயன்படுத்தும் 78 சொற்களை 20 குழுக்களாகப் பிரித்து வைத்தது அது. மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை அதில் இருக்கின்றன. 'பர்னிங்', 'ஷூட்டிங்' என்று நோயாளி சொன்னால் நரம்பு சம்பந்தப்பட்டிருக்குமோ என்று மருத்துவரின் யோசனை போகும். 'கிராம்பிங்' என்றால் வேறு பக்கம் போகும். எல்லாவற்றையும் 'சிவியர்' என்று எழுதிவிட்டால் இந்தத் தடயம் எல்லாம் போய்விடும்.

'பெயின்ஃபுல்', 'சோர்', 'டெண்டர்' மூன்றையும் பிரித்துக்கொள்ளுங்கள். முதலாவது பொதுவாக வலிப்பது. நாள் முழுக்க மூட்டை தூக்கியவரின் தோள், சளி பிடித்தவரின் தொண்டை இரண்டும் 'சோர்'. விட்டுவிட்டால் சும்மா இருக்கும், தொட்டால் மட்டும் வலிக்கும் என்றால் 'டெண்டர்'. இதே 'டெண்டர்' சமையலறைக்குப் போனால் இறைச்சி பஞ்சாக வெந்திருக்கிறது என்று அர்த்தம், இளநீர்க் கடைப் பலகையில் ஏறினால் 'டெண்டர் கோகனட்'. பெயர்ச்சொல்லைப் பார்க்காமல் பெயரடையை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இங்கிலாந்து போகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. அங்கே ஒரு நோயாளி 'ஐ ஃபீல் சிக்' என்றால் 'குமட்டுது' என்று அர்த்தம். 'ஹி வாஸ் சிக் லாஸ்ட் நைட்' என்றால் பெரும்பாலும் ராத்திரி வாந்தி எடுத்தார் என்று அர்த்தம். பொதுவாக உடம்பு சரியில்லை என்பதற்கு அங்கே 'இல்', 'அன்வெல்', பேச்சில் 'பூர்லி'. அமெரிக்காவில் பொதுவான உடல்நலக் குறைவுக்கே 'சிக்' போதும். ஒரே சொல்தான், கடல் தாண்டினால் குறிப்பேட்டில் எழுத வேண்டியதே மாறிவிடுகிறது.

சொல்லின் முகத்தைப் பாருங்கள்

சில சொற்களுக்குள் சொல்பவரின் அபிப்பிராயமும் ஒட்டியிருக்கும். ஒரே ஆளை, ஒரே உடம்பை, பிடித்தவர் ஒரு மாதிரியும் பிடிக்காதவர் ஒரு மாதிரியும் சொல்வார்கள். தமிழில் 'கொடி மாதிரி இருக்கா' என்பதும் 'நோஞ்சானா இருக்கா' என்பதும் ஒரே பெண்ணைப் பற்றியதாக இருக்கலாம். ஆங்கிலத்தில் 'ஸ்லிம்', 'ஸ்லெண்டர்' பாராட்டு. 'தின்' ஏறக்குறைய நடுநிலை. 'ஸ்கின்னி' எலும்பு தெரிகிறது என்ற குறை. 'லீன்' என்றால் கொழுப்பில்லாமல் முறுக்கேறிய உடம்பு, ஓட்டப்பந்தய வீரருக்குச் சொல்வது. எதிர்ப்பக்கம் 'ஃபேட்' முகத்துக்கு நேரே சொன்னால் புண்படுத்தும். கைக்குழந்தையை 'சப்பி' என்று கொஞ்சலாம். 'ஓவர்வெயிட்', 'ஒபீஸ்' மருத்துவச் சொற்கள், அவற்றுக்குக் கணக்கு உண்டு: உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையில் பெரியவர்களுக்குப் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு, 25 முதல் 'ஓவர்வெயிட்', 30 முதல் 'ஒபீஸ்'. நம் ஊரில் சர்வசாதாரணமாக 'கொஞ்சம் குண்டாயிட்டீங்க' என்று விசாரிக்கிறோம். அதை அப்படியே ஆங்கிலத்தில் அலுவலகத் தோழியிடம் விசாரிக்க வேண்டாம்.

தமிழிலேயே இந்த முகவேறுபாடு தெளிவாக இருக்கும் ஜோடிகள் கற்க எளிது. குழந்தை உள்ளம் 'சைல்ட்லைக்', சிறுபிள்ளைத்தனம் 'சைல்டிஷ்'. மன உறுதி உள்ளவர் 'டிடர்மின்ட்', பிடிவாதக்காரர் 'ஸ்டபன்'. தெரிந்துகொள்ளும் ஆர்வம் 'க்யூரியஸ்', அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைப்பது 'நோசி'. விலை குறைவு என்று மட்டும் சொல்ல 'இன்எக்ஸ்பென்சிவ்'. 'சீப்' என்றால் மட்டமான சரக்கு என்ற வாடையும் வரும். பரிசு கொடுத்தவரிடம் 'சீப்' என்ற சொல்லை எடுக்கவே வேண்டாம்.

'ஃபேமஸ்' நல்ல பெயர், 'நொட்டோரியஸ்' கெட்ட பெயர். 'இன்ஃபமஸ்' என்பதைப் பார்த்துப் 'பிரபலமில்லாத' என்று பலர் அர்த்தம் செய்துகொள்கிறார்கள். அதுவும் கெட்ட பெயர்தான். உச்சரிப்பும் 'இன்-ஃபேமஸ்' கிடையாது.

'ஹோம்லி' என்ற சொல்லை மட்டும் தனியாகச் சொல்லியாக வேண்டும். நம் வரன் விளம்பரங்களில் 'ஹோம்லி கேர்ள்' என்றால் குடும்பப் பாங்கான பெண். பிரிட்டனில் அது பெரும்பாலும் இடங்களுக்குச் சொல்வது, எளிமையாக, வீட்டில் இருப்பது போல் இதமாக என்ற பொருளில். அமெரிக்காவில் ஒரு பெண்ணை 'ஹோம்லி' என்றால் பார்க்க லட்சணமில்லை என்று அர்த்தம். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த பையனுக்கு வரன் குறிப்பு அனுப்புகிறீர்கள் என்றால் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு 'ஃபேமிலி ஓரியன்டட்' என்று போடுங்கள். பாவம், அந்தப் பெண்ணுக்கு நாமே குறை சொன்ன மாதிரி ஆகிவிடக் கூடாது.

மூன்று அடுக்குகள்

ஒரே பொருளுக்கு ஏன் இத்தனை சொற்கள் என்று கேட்பவர்களுக்கு 1066-ஆம் ஆண்டைச் சொல்வேன். நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்த வருஷம். அதன் பிறகு பல தலைமுறைகளுக்கு அரண்மனையும் நீதிமன்றமும் பிரெஞ்சு பேசின. வயலில் இருந்தவர்கள் பழைய ஆங்கிலம் பேசினார்கள். படித்தவர்கள் லத்தீன் எழுதினார்கள். மூன்றும் ஆங்கிலத்துக்குள் படிந்துவிட்டன. அரசருக்குரிய என்பதற்கு 'கிங்லி' பழைய ஆங்கிலம், 'ராயல்' பிரெஞ்சு வழி, 'ரீகல்' லத்தீன் வழி. குடும்பத்துக்கும் பதவிக்கும் 'ராயல்'. நடையிலும் தோரணையிலும் தெரியும் கம்பீரம் 'ரீகல்'. 'கிங்லி' இப்போது கதைகளில்தான் அதிகம்.

நமக்கு இது புதிதே இல்லை. வீடு, இல்லம், கிருகம் மூன்றும் ஒன்றுதான். ஆனால் வாடகைக்கு 'வீடு' பார்க்கிறோம், பத்திரிகையில் 'இல்லத் திருமண விழா' என்று அச்சடிக்கிறோம், பால் காய்ச்சுவது 'கிருகப்பிரவேசம்'. மாற்றிப் போட்டால் ஒட்டாது. அப்படியே 'ஹார்ட்டி', 'கார்டியல்' இரண்டுக்குள்ளும் இருப்பது இதயம்தான், ஒன்றில் ஆங்கில இதயம், மற்றதில் லத்தீன் இதயம். தோளில் கை போட்டு உள்ளே கூட்டிப்போவது 'ஹார்ட்டி வெல்கம்'. கைகுலுக்கி மரியாதையாக உட்கார வைப்பது 'கார்டியல் வெல்கம்'. சந்தேகம் வந்தால் சின்னச் சொல் வீட்டுக்கு, நீளமான லத்தீன் சொல் அலுவலகத்துக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்போதும் பொருந்தாது, பெரும்பாலும் பொருந்தும்.

இடம் மாறினால் அர்த்தம் மாறும்

அரசு அலுவலகங்களுக்கு எழுதும் கடிதங்களில் 'த கன்சர்ன்ட் ஆபீசர்' என்று எழுதுவது இந்தியாவில் ஊறிப்போன பழக்கம். சம்பந்தப்பட்ட அதிகாரி என்று நினைத்து எழுதுகிறோம். பெயருக்கு முன்னால் வரும் 'கன்சர்ன்ட்' கவலைப்படுகிற என்று பொருள் தரும். சம்பந்தப்பட்ட அதிகாரி வேண்டுமென்றால் 'த ஆபீசர் கன்சர்ன்ட்' என்று பின்னால் போட வேண்டும். இந்தியாவுக்குள் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வெளிநாட்டுத் தூதரகத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ எழுதும்போது மாற்றிக்கொள்ளுங்கள்.

சங்கக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று. 'த பிரசன்ட் மெம்பர்ஸ்' என்றால் இப்போதைய உறுப்பினர்கள். 'த மெம்பர்ஸ் பிரசன்ட்' என்றால் அன்று வந்திருந்தவர்கள். கோரம், அதாவது கூட்டத்துக்கு வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை, சரியா என்று பின்னால் வழக்கு வந்தால் இந்த இடமாற்றம் பெரிய விஷயம். 'எ ரெஸ்பான்சிபிள் பர்சன்' பொறுப்பான ஆள். 'த பர்சன் ரெஸ்பான்சிபிள்' அந்தக் காரியத்துக்குக் காரணமான ஆள்.

பெயருக்கு முன்னால் வரவே மறுக்கும் சொற்களும் உண்டு: 'அஸ்லீப்', 'அலைவ்', 'அஃப்ரெய்ட்', 'அலோன்'. 'த சைல்ட் இஸ் அஸ்லீப்' சரி. 'ஆன் அஸ்லீப் சைல்ட்' வராது, 'எ ஸ்லீப்பிங் சைல்ட்' என்று சொல்ல வேண்டும். முதல் இரண்டு சொற்களின் முன்னே நிற்கும் 'அ' பழைய ஆங்கிலத்தில் 'ஆன்' என்று இருந்தது: தூக்கத்தில், உயிரில் என்பது போல. நாமும் 'உயிரோடு இருக்கிறான்' என்கிறோம், 'உயிரோடு மனிதன்' என்று சொல்வதில்லையே, 'உயிருள்ள மனிதன்' என்றுதானே சொல்கிறோம். காரணம் ஒன்றுதான்.

வாலைக் கவனியுங்கள்

'ஐக்', 'ஐக்கல்' என்று முடியும் ஜோடிகளுக்குத் தமிழ் நன்றாகவே கைகொடுக்கும். வரலாற்றுச் சிறப்புமிக்கது 'ஹிஸ்டாரிக்', வரலாறு சம்பந்தப்பட்டது 'ஹிஸ்டாரிகல்'. 1947 ஆகஸ்ட் 15 'ஹிஸ்டாரிக் டே'. அதே வருஷத்து மளிகைக் கடைக் கணக்கு நோட்டு உங்கள் பரணில் கிடைத்தால் அது 'ஹிஸ்டாரிகல் டாக்குமென்ட்'. பொருளாதாரக் கொள்கை 'எகனாமிக்', சிக்கனமான வண்டி 'எகனாமிகல்'. இந்திய அரசு 2004-ல் தமிழுக்குக் கொடுத்த தகுதி 'கிளாசிகல் லாங்குவேஜ்'. அதை 'கிளாசிக் லாங்குவேஜ்' என்று எழுதினால் செம்மொழி என்ற பொருள் நழுவிவிடும். 'கிளாசிக்' என்பது காலம் கடந்தும் நிற்கிற, தன் வகையில் முதல் தரமான ஒன்றைச் சொல்வது.

'போர்டு', 'போரிங்' தவறு எல்லோரும் சொல்லிக்கொடுப்பது, அதனால் சுருக்கமாக: 'ஐ ஆம் போர்டு' என்றால் எனக்குச் சலிப்பாக இருக்கிறது, 'ஐ ஆம் போரிங்' என்றால் நான் மற்றவர்களைச் சலிக்க வைக்கிறவன். 'அன்இன்ட்ரெஸ்டட்' என்றால் அக்கறை இல்லாதவர். 'டிஸ்இன்ட்ரெஸ்டட்' என்றால் சுயலாபம் இல்லாத நடுநிலையாளர் என்பதே கவனமாக எழுதுகிறவர்கள் காக்கும் பொருள். நீதிபதிக்குப் பின்னது வேண்டும், முன்னது கூடாது.

முன்னொட்டில் உயிருக்கே ஆபத்தான ஒன்று இருக்கிறது. பெட்ரோல் டேங்கர் லாரிகளின் பின்னால் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருக்கும். 'இன்' வந்தால் எதிர்மறை என்று படித்தவர், எரியாதது என்று புரிந்துகொள்ள வாய்ப்பு உண்டு. உண்மையில் அது 'இன்ஃப்ளேம்', அதாவது பற்றவைத்தல், என்பதிலிருந்து வந்தது. 'ஃப்ளேமபிள்', 'இன்ஃப்ளேமபிள்' இரண்டுமே எளிதில் தீப்பிடிப்பவை. இந்தக் குழப்பத்துக்குப் பயந்துதான் அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920-களில் 'ஃப்ளேமபிள்' என்ற சொல்லையே பயன்படுத்தச் சொன்னது. எரியாதது என்றால் 'நான்-ஃப்ளேமபிள்'. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதை இன்றே சொல்லிக்கொடுங்கள்.

எழுதியதைச் சோதிப்பது

நீங்கள் எழுதிய ஜோடி சரியா என்று தெரிய வேண்டுமா? தமிழ் அர்த்தம் தரும் அகராதியை மூடிவிட்டு, ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே எழுதப்பட்ட ஆங்கில-ஆங்கில அகராதியைத் திறங்கள். இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. அர்த்தத்தைத் தாண்டி உதாரண வாக்கியங்களுக்குப் போங்கள், அவற்றில்தான் பெயர்ச்சொற்கள் இருக்கும். இன்னும் ஆழமாகப் பார்க்க விரும்புகிறவர்கள் சொற்களஞ்சியத் தரவுகளில் தேடலாம். பிரிட்டிஷ் நேஷனல் கார்பஸ் என்ற தொகுப்பில் நிஜமாக எழுதப்பட்ட, பேசப்பட்ட 10 கோடி சொற்கள் இருக்கின்றன. 'ஹெவி ரெயின்' என்று அதில் தேடினால் வரிசை வரிசையாக வரும். 'ஸ்ட்ராங் ரெயின்' தேடிப் பார்த்தால் வித்தியாசம் உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஒரே நாளில் இருபது சொல் எழுத வேண்டாம். நாளுக்கு ஒரு பெயர்ச்சொல் போதும். மழை என்று வைத்துக்கொண்டால் அன்று முழுக்க மழைக்கு முன்னால் என்னென்ன வருகிறது என்று மட்டும் பாருங்கள். விடாமல் பெய்தால் 'கன்டின்யூவஸ்', விட்டு விட்டுப் பெய்துகொண்டே இருந்தால் 'கன்டின்யுவல்', தூறினால் 'லைட்'. மறுநாள் காற்று. அதற்கடுத்த நாள் கோபம்.

தேனிப் பெண் இப்போது இங்கிலாந்தில் ஒரு முதியோர் வார்டில் வேலை பார்க்கிறாள். போன மாதம் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாள். "அக்கா, இன்னிக்கு ஒரு பாட்டி முழங்கால்ல 'நிக்ளிங் பெயின்'னு சொன்னாங்க. பெருசா ஒண்ணுமில்ல, ஆனா விடவும் மாட்டேங்குதாம். நச்சரிக்கிற வலின்னு நோட்டுல எழுதிக்கிட்டேன். சரியா?"

சரிதான் என்று பதில் அனுப்பினேன். பக்கத்திலேயே 'நிக்ளிங் டவுட்' என்றும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்: மனசின் ஓரத்தில் இருந்துகொண்டு அரித்துக்கொண்டே இருக்குமே, அந்தச் சந்தேகம்.